எதிர்வீட்டில் நின்ற வெயில்

பால்பண்ணைத் தெருவில் மற்ற எல்லா வீடுகளுக்கும் பொழுது அடைந்து, கோழிகள் கூடைக்குள் போய், கொசுவர்த்தி கொளுத்தி, டிவியில் நாடகம் ஆரம்பித்த பிறகும், தையல்காரி ஜெயக்கொடி வீட்டு முன்னறையில் மட்டும் பிற்பகல் மூன்று மணி வெயில் போகாமல் நின்றது. அது ஆனி மாதத்தில் தொடங்கியது. முதலில் ஒரு பாய் அகலம் இருந்தது, பிறகு இரண்டு பாய் அகலமானது, ஆடிக் காற்று அடிக்கிற சமயத்தில் அறையை நிறைத்து, படியிறங்கி, முற்றத்துத் துவைகல்லில் ஏறி உட்கார்ந்துகொண்டது. அந்த வீட்டுக்கு மேற்கே ஜன்னல் கிடையாது, வெறும் சுவர்தான். வெயில் அந்தச் சுவர் வழியாகவே வந்தது. கூப்பிட்டு விசாரித்த கொத்தனார் சுவரைத் தட்டிப் பார்த்து, விரிசல் ஒன்றுமில்லை என்று சொல்லி, கொடுத்த காப்பியைக் குடித்துவிட்டுப் போனார்.

தெரு அதற்காக ரொம்பவும் மெனக்கெடவில்லை. அதிசயமென்றால் இரண்டு நாள் வாய் வலிக்கப் பேசலாம், அப்புறம் அதில் துணி காயப்போட வேண்டியதுதான், அது அந்தத் தெருவின் குணம். கூழ்வத்தல் போட்டு விற்கிற அந்தோணியம்மா தட்டுத் தட்டாகக் கொண்டுவந்து முற்றத்தில் பரப்பினாள். கணக்கு டியூஷன் எடுக்கிற ஜெபராஜ் வாத்தியார் கரண்ட் போகிற நேரமெல்லாம் பிள்ளைகளை அங்கே ஓட்டிக்கொண்டு வந்தார். நூலும் ஊக்கும் கொண்டுவந்து போடுகிற இஸ்மாயில் பாய்க்கு நோன்பு மாதத்தில் ஒரு சங்கடம் வந்தது. பள்ளிவாசலில் பாங்கு சொல்லிவிட்டார்கள், இங்கே கண்ணெதிரே வெயில் நிற்கிறது, நோன்பு திறப்பதா கூடாதா? பாய் கொஞ்ச நேரம் தாடியைத் தடவியபடி யோசித்துவிட்டு, பேரீச்சம்பழத்தோடு படியிறங்கித் தெரு இருட்டில் நின்று வாயில் போட்டுக்கொண்டு, தண்ணீர் குடித்து, மறுபடி படியேறி வந்து விட்ட இடத்திலிருந்து பேச்சைத் தொடர்ந்தார். அதன்பின் அந்த மாதம் முழுவதும் அப்படியே செய்தார், யாருக்கும் அது விநோதமாகத் தோன்றவில்லை.

இப்படி எல்லாரும் சந்தோஷமாக இருந்த தெருவில் ஒரே ஒருத்திக்குத்தான் வயிறு எரிந்தது. அவள் பெயர் தங்கபுஷ்பம், ஜெயக்கொடிக்கு நேர் எதிர்வீட்டுக்காரி, அவளைப் போலவே வீட்டில் இருந்து ஜாக்கெட் தைக்கிறவள். இரண்டு பேரும் ஒரே டீச்சரிடம் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து தையல் படித்தவர்கள். கத்திரி பிடிப்பதில் அந்த ஊரில் புஷ்பத்தை அடிக்க ஆள் கிடையாது; ஜெயக்கொடி சாக்குக்கட்டியால் கோடு போட்டு, அழித்து, மறுபடி போட்டு வெட்டினாலும் கழுத்து ஒரு பக்கம் இழுக்கும். அப்படிப்பட்டவள் வாசலில் இன்றைக்குக் கல்யாண வீட்டுக்காரர்கள் காத்துக்கிடக்கிறார்கள், புஷ்பம் வாசலிலும் ஆட்கள் நின்றார்கள்தான், ஆனால் அவர்கள் கொடுத்த துணி என்னவாயிற்று என்று சண்டை பிடிக்க வந்தவர்கள்.

புஷ்பத்துக்கு ஒரு பழக்கம். துணி கொடுத்தவர் படி இறங்குவதற்குள் அதை வெட்டிவிடுவாள். ஒருத்தி வெட்டியதை இன்னொருத்தி தைப்பதில்லை என்பது அந்த ஊர்த் தையல்காரிகளுக்குள் யாரும் மீறாத கட்டுப்பாடு, அதனால் வெட்டிய துணியை யாரும் வேறிடத்துக்குத் தூக்கிக்கொண்டு ஓட முடியாது. பாதி வேலை முடிந்தது என்கிற நிம்மதியில் ஒரு கருப்பட்டிக் காப்பியைப் போட்டுக்கொண்டு மேற்கு ஜன்னலோரம் உட்காருவாள். உட்கார்ந்தால் அவ்வளவுதான். வெயில் தாழட்டும், விளக்கேற்றிவிட்டுத் தொடங்குவோம், நாளைக்கு எழுந்ததும் முதல் வேலை அதுதான் என்று ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே போவாள். அவளைச் சோம்பேறி என்று சொன்னால் பாவம். தைக்க வேண்டியதை நினைத்து நினைத்தே, தைத்து முடித்தவளைவிட அதிகமாக அசந்துபோகிறவள் அவள். வீடு முழுக்கக் கை தனி, முதுகு தனி, முன்பக்கம் தனியாகப் பிறத்தியார் ஜாக்கெட்டுகள் மூட்டை மூட்டையாகக் கிடந்தன.

அந்த மூட்டைகளுக்கு அடியில் அவள் மகள் பொன்சுதாவின் முகூர்த்த ஜாக்கெட்டும் கிடந்தது. ஐப்பசியில் கல்யாணம். முகூர்த்தப் பட்டோடு சேர்ந்தே நெய்து வந்த துணி அது, பாழானாலோ தொலைந்தாலோ அதே நிறத்தில் இன்னொன்று இந்த உலகத்தில் கிடையாது. நிச்சயதார்த்தம் முடிந்த கையோடு, சம்பந்தி வீட்டுப் பெண்கள் வாய் பிளந்து பார்க்க, கோடுகூடப் போடாமல் ஒரே இழுப்பில் வெட்டிக் காட்டினாள் புஷ்பம். வெட்டியதோடு சரி. அதற்குப் பிறகு சுதா கேட்கும்போதெல்லாம், "நம்ம வீட்டு வேலைதானட்டி, எங்க ஓடிப் போகுது?" என்றாள்.

வெயில் வந்ததிலிருந்து புஷ்பத்தின் கண் எதிர்வீட்டை விட்டு அகலவில்லை. காலையில் கோலம் போடும்போது பார்த்தாள், சோறு வடிக்கும்போது கரண்டியோடு வந்து பார்த்தாள், பொழுது அடைந்த பிறகு விளக்கை அணைத்துவிட்டு உட்கார்ந்து பார்த்தாள். அங்கே ஜெயக்கொடி தையல் மிஷினை மிதித்துக்கொண்டே இருந்தாள், ஜாக்கெட்டுகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கொடியில் ஏறின. "அவளுக்கு மட்டும் ஒரு நாளைக்கு ரெண்டு நாள் கிடைக்குது, தைக்காம என்ன செய்வா? எனக்குக் குடுத்தா நான் ஊருக்கே தைப்பேன்" என்று புஷ்பம் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொன்னாள். எல்லாவற்றையும்விட அவளை அறுத்தது ஒன்று உண்டு. செல்போன் கடையில் வேலை பார்க்கிற சுதா, சாயங்காலம் கடை விட்டு வந்ததும் தன் வீட்டுப் படியேறாமல் நேரே எதிர்வீட்டுக்குள் போனாள். கேட்டால், "அங்கன உக்காந்தா நல்லாருக்கும்மா" என்பாள். பெற்ற பிள்ளைக்கே தன் வீடு கசந்துவிட்டது என்று புஷ்பத்துக்கு நெஞ்சு எரிந்தது.

கடைசியில் ஒருநாள் பொறுக்க முடியாமல், மிஷினுக்குப் பாபின் கேஸ் கேட்கிற சாக்கில் எதிர்வீட்டுப் படியேறினாள்.

"ஏட்டி ஜெயம், பாபின் கேஸ் ஒன்னு இருந்தா குடேன், என்னது மக்கர் பண்ணுது."

"மேசையில கிடக்கு பாரு, எடுத்துக்கோ" என்றாள் ஜெயக்கொடி, மிதிப்பதை நிறுத்தாமல்.

எடுக்கக் குனிந்த புஷ்பம் குனிந்தபடியே நின்றாள். தரையில் விழுந்திருந்த வெயிலில் ஜன்னல் கம்பிகளின் நிழல் இருந்தது. ஜன்னலே இல்லாத சுவர் வழியாக வந்த வெயிலில் ஜன்னல் நிழல் எப்படி என்று அவள் யோசிக்கவில்லை, அந்தக் கம்பிகளில் ஒன்று வெளிப்பக்கமாக வளைந்திருந்ததைத்தான் பார்த்தாள். சுதா தவழ்கிற வயதில் ஜன்னலுக்குள் தலையை விட்டுக்கொண்டு அலறியபோது, லாரி ஓட்டுகிற புஷ்பத்தின் புருஷன் கடப்பாரையால் நெம்பி வளைத்த கம்பி அது. கம்பி நிழலுக்கு அப்பால் முருங்கை இலை நிழல் ஆடியது. ஜெயக்கொடி வீட்டில் முருங்கை கிடையாது. அறையெல்லாம் கருப்பட்டிக் காப்பி வாசம் அடித்தது, ஜெயக்கொடி காப்பியே குடிப்பதில்லை.

"ஏட்டி, இது என் வெயிலுல்லா!" என்று கத்தினாள் புஷ்பம்.

ஜெயக்கொடி மிஷினை நிறுத்தினாள். "எனக்கும் அப்படித்தான் தோணிச்சு. நீ துணியை வெட்டிப் போட்டுட்டு நாளைக்குன்னு போய் உக்காருத ஒவ்வொரு மட்டமும் இங்கன ஒரு பாய் அகலம் கூடும்."

"தெரிஞ்சும் வாயை மூடிட்டு இருந்திருக்க!"

"சொன்னா சண்டைக்கு வருவ. இப்ப வந்திருக்கேல்லா, இந்த மாதிரி."

"மரியாதையா திருப்பிக் குடுத்துரு."

"தாராளமா எடுத்துட்டுப் போ. நான் கட்டியா வச்சிருக்கேன்? எப்படிக் கொண்டு போவ, முறத்துல அள்ளியா?"

கூச்சல் கேட்டுத் தெரு கூடியது, கூடிய தெரு அந்த வெயிலிலேயே உட்கார்ந்து பஞ்சாயத்துப் பேசியது. வெயில் யாருக்குச் சொந்தம்? ஜெபராஜ் வாத்தியார் தொண்டையைச் செருமிக்கொண்டு, "நம்ம வீட்டு முருங்கை அடுத்த வீட்டுல போய்க் காய்ச்சா, காய் அவங்களுக்குத்தான். விழுந்த இடத்துக்குச் சொந்தம்" என்றார். அந்தோணியம்மா வத்தலைத் திருப்பிப் போட்டுக்கொண்டே, "வேண்டாம்னு கீழ போட்டதை அவ எடுத்துக்கிட்டா, இதுல என்ன தப்பு?" என்று கேட்டாள்.

"நான் எங்க வேண்டாம்னு போட்டேன்? நாளைக்குன்னுல்லா வச்சேன்!" என்றாள் புஷ்பம். அவளுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. தீர்ப்பு அப்படியேதான் நின்றது.

தையல் டீச்சர் அந்தக் காலத்தில் சொல்லிப் பார்த்தாள், புருஷன் திட்டிப் பார்த்தான், சுதா செல்போனில் அலாரம் வைத்துப் பார்த்தாள், தினசரிக் காலண்டர்த் தாளில் பொன்மொழிகள் வந்து பார்த்தன. ஒன்றுக்கும் அசையாத புஷ்பம் அன்றைக்கு வீட்டுக்கு வந்ததும் மிஷின் முன்னால் உட்கார்ந்தாள். நல்லபடியாக வாழ வேண்டும் என்கிற ஆசை ஒன்றும் அவளுக்கு வந்துவிடவில்லை. எதிர்வீட்டுக்காரி நல்லபடியாக வாழக் கூடாது என்கிற ஆசைதான் வந்தது, அது போதுமானதாக இருந்தது. மூட்டைகளைப் பார்த்தால் வழக்கம்போல மலைப்புத்தான் தட்டியது. அதனால் மூட்டையைப் பார்க்காமல் ஒரே ஒரு கையை மட்டும் உருவித் தைத்தாள். தலையை நிமிர்த்திப் பார்த்தபோது எதிரே துவைகல்லின் மேலிருந்த வெயில் ஒரு சாண் உள்ளே போயிருந்தது. புஷ்பத்துக்குச் சிரிப்பு வந்தது. அடுத்த கையைத் தைத்தாள், இன்னொரு சாண் போனது. ஒரு ஜாக்கெட் என்று நினைத்தால் கால் மிஷினில் ஏறாது, ஜெயக்கொடியிடமிருந்து ஒரு சாண் வெயிலைப் பிடுங்குகிறோம் என்று நினைத்தால் கால் தானாக ஓடியது. நாலைந்து வாரத்தில் பள்ளிக்கூட டீச்சர்கள், வளைகாப்புக்காரிகள், கோயில் கொடைத் திருவிழாவுக்குத் துணி கொடுத்தவர்கள் என்று எல்லாருடைய மூட்டையும் கரைந்தது, எதிர்வீட்டில் வெயில் மறுபடி ஒரு பாய் அகலத்துக்கு வந்து நின்றது. மகளுடைய பட்டு ஜாக்கெட்டை மட்டும் அவள் தொடவில்லை. அது நம்ம வீட்டு வேலை, எங்கே ஓடிப் போகிறது?

ஜெயக்கொடி இருந்த ஒரு பாய் அகலத்துக்குள் மிஷினை நகர்த்திப் போட்டுக்கொண்டு மிதித்தாள். ஆனால் தெரு பதறிப்போனது. அந்தோணியம்மாவின் வத்தல் காயாமல் பூசணம் பிடித்தது. வாத்தியாரின் பிள்ளைகள் கரண்ட் போனதும் கணக்கை விட்டுவிட்டு ஓடினார்கள். இப்படி உழைத்தால் உடம்பு என்னத்துக்கு ஆகும் என்று ஆளாளுக்குப் புஷ்பத்தின் மேல் கரிசனம் காட்ட ஆரம்பித்தார்கள்.

"என்ன மைனி, நாள் பூரா மிஷினே கதின்னு இருக்கீய? கொஞ்சம் காத்தாட உக்காருங்க" என்று அந்தோணியம்மா முறுக்குச் சம்படத்தோடு வந்தாள். வாத்தியார் வீட்டம்மா புதுப் படம் பார்க்க அழைத்தாள். இஸ்மாயில் பாய் நூல்கண்டுகளைப் பிரிக்காமலே, மேலத்தெருவில் ஓடிப்போன ஜோடியின் கதையை முதலிலிருந்து சொன்னார். ஒரு நாளும் இவள் படியை மிதிக்காதவர்கள் எல்லாரும் மத்தியானமானால் வந்து உட்கார்ந்து, அவள் பேசப் பேச ஆமாம் போட்டார்கள், மேற்கு ஜன்னலோரம் அவளுக்கு நாற்காலி எடுத்துப் போட்டார்கள், கருப்பட்டிக் காப்பியை அவர்களே போட்டுக் கையில் கொடுத்தார்கள். புஷ்பம் உருகிப்போனாள். ஜெயக்கொடியிடம் எதற்காகவோ போகிறவர்கள் இன்றைக்குத் தன்னிடம் வருகிறார்கள் என்பது அவளுக்குத் தேன் குடித்தது மாதிரி இருந்தது. ஒரு நாள் உட்கார்ந்தாள், மறுநாளும் உட்கார்ந்தாள், எதிரே வெயில் படியிறங்கி முற்றத்துக்கு வந்தது. வந்தவர்கள் அதைக் கடைக்கண்ணால் பார்த்துவிட்டு இன்னொரு தம்ளர் காப்பி ஊற்றினார்கள். புரட்டாசியும் முடிந்தது.

கல்யாணத்துக்கு ஒரு வாரம்கூட இல்லை என்கிற நிலையில், ஒரு சாயங்காலம் முறுக்கைக் கடித்துக்கொண்டு புஷ்பம் தெருவைப் பார்த்தாள். எதிர்வீட்டு வெயிலில் சுதா கையை விரித்துக்கொண்டு நிற்கிறாள். அவள் மேல் அந்த முகூர்த்த ஜாக்கெட்டின் அரக்குப் பட்டுத் துண்டுகளை வைத்து, வாயில் குண்டூசிகளைக் கடித்தபடி, ஒவ்வொன்றாகக் குத்திப் பார்த்துக்கொண்டிருக்கிறாள் ஜெயக்கொடி. இரண்டு பேரும் எதற்கோ சிரிக்கிறார்கள்.

வெயில் போனபோதுகூடப் புஷ்பத்துக்கு இப்படி எரிந்ததில்லை. நாற்காலி பின்னால் விழ எழுந்து, செருப்புக்கூடப் போடாமல் தெருவைத் தாண்டினாள்.

"என் பொழுதைத் தின்ன, என் கிராக்கியைத் தின்ன, இப்ப நான் வெட்டினதைத் தைச்சு என் பிள்ளையையும் எடுத்துக்கலாம்னு பாக்கியோ? கட்டுப்பாடு கிட்டுப்பாடு ஒன்னும் கிடையாதா ஒனக்கு?"

ஜெயக்கொடி வாயிலிருந்த ஊசிகளைக் கையில் எடுத்தாள். "நான் நூல் கோக்கல புஷ்பம். வேணும்னா மிஷினைப் பாரு. நீ வெட்டினதை நான் தைப்பனா? தைச்சா எப்படி இருக்கும்னு ஒரு மட்டமாவது போட்டுப் பாக்கணும்னு சொன்னா ஒம் மக. குத்திக் காட்டுனேன், அவ்வளவுதான்."

"எங்கிட்ட கேக்க வேண்டியதுதான?" என்று மகளிடம் திரும்பினாள் புஷ்பம்.

"கேட்டேன்லம்மா. எத்தனை மட்டம் கேட்டேன்." சுதா கோபப்படவில்லை, அதுதான் புஷ்பத்துக்குத் தாங்கவில்லை. ஊசி குத்திய பட்டு கலையாமல் இருக்க அவள் கையை விரித்தபடியே பேசினாள். "கடற்கரைக்குப் போவோம்னு கேட்டேன், நாளைக்குன்ன. தலையில எண்ணெய் வச்சு விடுன்னேன், இந்த ஒன்னை முடிச்சிட்டு வாரேன்ன. அதெல்லாம் இங்கனதானம்மா கிடக்கு. இதுல உக்காந்தா ஒன் காப்பி வாசம் அடிக்கும், ஒன் ஜன்னல் நிழல் மடியில விழும், நீ பக்கத்துல சும்மா உக்காந்திருக்க மாதிரியே இருக்கும். வீட்டுல நீ பக்கத்துல இருந்தாலும் இந்த வீட்டைத்தான பாத்துக்கிட்டு இருப்ப."

இத்தனை மாதமாக எதிர்வீட்டுக்காரி எத்தனை ஜாக்கெட் தைத்தாள் என்று பார்த்த கண், அந்த வெயிலில் தன் பிள்ளை என்ன செய்தாள் என்று ஒரு நாளும் பார்க்கவில்லை. புஷ்பம் மகளின் மேலிருந்து ஊசிகளை ஒவ்வொன்றாக உருவி, பட்டுத் துண்டுகளைக் கையில் வாங்கிக்கொண்டாள்.

"நவுருட்டி" என்றாள் ஜெயக்கொடியிடம். "மிஷினைக் குடு. வீட்டுக்குப் போனா உக்காந்துருவேன்."

தையல்காரி தன் மிஷினில் இன்னொருத்தியை உட்கார விட மாட்டாள். இருந்தும் ஜெயக்கொடி மிஷின் முன்னால் முக்காலியை இழுத்துப் போட்டு, அரக்கு நிற நூல்கண்டைத் தேடி எடுத்துக் கொடுத்தாள். புஷ்பம் தோள்பட்டையைச் சேர்த்துத் தைத்தபோது முற்றத்து வெயில் துவைகல்லை விட்டு இறங்கியது. அதைக் கண்டு தெரு ஓடி வந்தது. "மைனி, இந்த ஒரு தட்டு மட்டும் காயட்டும், அப்புறம் தைங்க!" என்று அந்தோணியம்மா வாசலில் நின்று கெஞ்சினாள். "நாளைக்குப் பரீட்சைம்மா" என்றார் வாத்தியார். பாய் மட்டும் தன் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு இருட்டுக்குள் நடந்தார். புஷ்பம் தலையைத் தூக்கவில்லை. முதல் கையை ஏற்றும்போது வெயில் படியேறி உள்ளே வந்தது, இரண்டாவது கையை ஏற்றும்போது சுவரோரம் ஒதுங்கியது, கழுத்துக்குப் பட்டி வைக்கும்போது மிஷினின் காலடியில் ஒரு கைக்குட்டை அளவுக்குச் சுருங்கியது. சுதா தரையில் உட்கார்ந்து அம்மாவின் முழங்காலில் சாய்ந்துகொண்டு, மிச்சமிருந்த அந்தத் துண்டு வெயிலில் கையை நீட்டி வைத்திருந்தாள். கடைசி ஊக்கைத் தைத்து நூலைப் பல்லால் கடித்தபோது அவள் கை இருட்டில் இருந்தது.

ஜெயக்கொடி டியூப் லைட்டைப் போட்டாள். சுதா உள்ளறைக்குப் போய்ப் போட்டுக்கொண்டு வந்தாள். கை மட்டும் கொஞ்சம் பிடித்தது, உள்ளே விட்டிருந்த துணியைப் பிரித்து விட்டதும் சரியாகிவிட்டது. அவ்வளவு அழகாகத் தைத்த ஜாக்கெட்டை அந்தத் தெருவில் யாரும் பார்த்ததில்லை, அன்றைக்கு அதைப் பார்க்க யாரும் மிச்சமில்லை. வாசலில் நின்றவர்கள் முணுமுணுத்துக்கொண்டே தட்டுகளை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள்.

ஜெயக்கொடி வெறும் சுவரைப் பார்த்தாள், பிறகு சுதாவைப் பார்த்தாள். அவளுக்குப் பிள்ளை கிடையாது, புருஷன் போனதிலிருந்து அந்த வீட்டில் சாயங்காலம் பேசுவதற்கு மிஷினைத் தவிர வேறொன்றும் இருந்ததில்லை. "வெயில் போனாப் போகட்டும் புஷ்பம், அது என்னது இல்ல" என்றாள். "இவளை மட்டும், கல்யாணம் வரைக்கும், சாயங்காலம் கொஞ்ச நேரம் இங்கன அனுப்பி வையேன். பழகிப்போச்சு."

ஜெயக்கொடி தன்னிடம் ஒன்றைக் கேட்டு நிற்க வேண்டும் என்று எத்தனையோ வருஷமாக ஆசைப்பட்டவள் புஷ்பம். இப்போது கேட்டுவிட்டாள். கொடுத்தால் பெருமை, ஊரெல்லாம் சொல்லிக்கொள்ளலாம். புஷ்பம் மகளின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"மாட்டேன்" என்றாள். "எனக்கே பத்தாது."